பதினோரு பென்சில் கோடுகள்

காகித ஒட்டுநாடாவில் எழுதுவதென்றால் பென்சில்தான் நல்லது. பேனா மை கையில் ஒட்டும், சட்டையில் ஒட்டும், ஒரு மழைக்காலம் போனால் மங்கியும் விடும். பென்சில் கோடு பத்து வருடமானாலும் போட்டது போட்டபடி இருக்கும். அனுபவத்தில் சொல்கிறேன்.

இந்தச் சிறு புத்தகம் உங்கள் கையில் இருக்கிறதென்றால், 'தாமதத்திற்கு வருந்துகிறோம்' என்ற குழுவின் முதல் ஆல்பத்தை, அதன் பத்தாம் ஆண்டுப் பதிப்பை, வாங்கியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். வாழ்த்துகள். இதை அச்சிட்ட ஆல்பம் கம்பெனிக்குத் தைரியம் இருக்கிறது என்றும் அர்த்தம். அந்த ஆல்பத்தை ஒலிப்பதிவு செய்தவன் நான். என்ன மைக், எந்த அறை, யார் யாரைக் கலாய்த்தார்கள் என்று ஜாலியாக இரண்டு பக்கம் எழுதித் தாருங்கள் சார் என்று கேட்டார்கள். எழுத உட்கார்ந்த அன்றைக்கே டிரம்மர் ஸ்டுடியோவுக்கு வந்தான். "நடந்தத நீங்களே எழுதிடுங்க சார். இல்லன்னா நான் எழுதுவேன்" என்றான். அவன் எழுதினால் எழுத்துப்பிழை தாங்காது. அதனால் நானே எழுதிவிடுகிறேன். ஜாலியாகத்தான் எழுதப் போகிறேன், ஏனென்றால் அந்தப் பதினோரு நாளைப் போல ஜாலியான நாட்கள் என் வாழ்க்கையில் முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

அதற்கு முன் இருபது வருடம் நான் என்ன பதிவு செய்தேன் தெரியுமா? சோப்பு விளம்பரம். கொசுவத்தி விளம்பரம். லிஃப்டில் ஏறியதும் 'கதவு மூடுகிறது' என்று ஒரு பெண் சொல்வாளே, அது என் கைவண்ணம். வந்தவர்கள் எல்லோரும் என்னிடம் சொன்னது ஒரே வாக்கியம்தான்: "கொஞ்சம் கம்மி பண்ணுங்க சார்." இருபது வருடம் கம்மி பண்ணிக்கொண்டே இருந்தேன். ஒரு மனுஷன் எவ்வளவுதான் கம்மி பண்ணுவான், சொல்லுங்கள்.

அப்போதுதான் குட்டி வந்து சேர்ந்தாள். குட்டி என் அக்கா மகள். வயது இருபத்துமூன்று. வேலை, பெரிய ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வருகிறது என்று சொல்ல வேண்டும். வண்டி வராவிட்டால் 'தாமதத்திற்கு வருந்துகிறோம்' என்று சொல்ல வேண்டும். அதை அவள் சொன்னால் வண்டி ஒரு மணி நேரம் லேட்டானாலும் கோபம் வராது. இன்னொரு தடவை லேட்டாகட்டும், இன்னொரு தடவை சொல்லட்டும் என்று தோன்றும். அப்படி ஒரு குரல். வெண்ணெய் மாதிரி.

ஒருநாள் வீட்டுக்கு வந்து, "மாமா, நாங்க ஒரு பேண்ட் வெச்சிருக்கோம். சிரிக்கக் கூடாது" என்றாள். சிரிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு டயர் கிடங்கின் மாடிக்குக் கூட்டிப் போனாள். அங்கே அண்ணன் தம்பி இரண்டு பேர் கிதார், பேஸ். ஒரு டிரம்மர், ஈர்க்குச்சி மாதிரி ஒல்லி, அவனைத் தடியன் என்று கூப்பிட்டார்கள். போஸ்ட்-ஹார்ட்கோர் என்றார்கள். எனக்கு அது என்னவென்று தெரியாது. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: பாதிப் பாட்டு குழந்தையைத் தூங்க வைப்பது மாதிரி போகும், மீதிப் பாட்டு அந்தக் குழந்தை இருக்கும் வீடு தீப்பிடித்துக்கொண்ட மாதிரி போகும். குட்டி வாயைத் திறந்தாள். முதல் நாலு வரி வெண்ணெய். அப்புறம் ஒரு அலறல் போட்டாள் பாருங்கள், கீழே டயர் அடுக்கிக்கொண்டிருந்த ஆள் ஏணியோடு மேலே ஓடி வந்துவிட்டான். நான் அந்த வயதில், அந்தத் தொப்பையோடு, குதித்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டேன், இதை நான்தான் பதிவு செய்வேன், காசு வேண்டாம், சாவதற்குள் கம்மி பண்ணாத ஒன்று.

அக்காவுக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. வாசலில் நிறுத்தி, "டேய், அவ தொண்டைதான்டா அவளுக்குச் சோறு போடுது. உன்னை நம்பித்தான் அனுப்புறேன். பாத்துக்கோ" என்றாள்.

"நான் பாத்துக்கறேன்க்கா" என்றேன். பார்த்துக்கொண்டேன்.

காலை ஷிப்ட் முடிந்து மத்தியானம் இரண்டு மணிக்குக் குட்டி ஸ்டுடியோவுக்கு வருவாள். ஆறு மணி வரை பதிவு. டிரம்ஸ், கிதார், பேஸ் எல்லாம் முன்பே எடுத்து முடித்தாயிற்று, அவள் குரல் மட்டும் பாக்கி. பதினோரு பாட்டு, பதினோரு நாள். அவள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மைக் முன்னால், நான் இந்தப் பக்கம் ஒலியைக் கலக்கும் மிக்ஸர் மேஜை முன்னால், எனக்குப் பின்னால் சோபாவில் மூன்று தடியன்கள். டீ, பிஸ்கட், கூத்து, கும்மாளம்.

முதல் நாள் மைக் சரிபார்க்க ஏதாவது பேசு என்றேன். பழக்க தோஷம், "தாமதத்திற்கு வருந்துகிறோம்" என்றாள். சோபா விழுந்து விழுந்து சிரித்தது. அதையும் பதிவு செய்து பத்திரமாக வைத்தேன். நான் எதையும் தூக்கிப் போடுகிறவன் இல்லை.

அப்புறம் முதல் பாட்டு. நன்றாகத்தான் இருந்தது. ஆனால் டயர் கிடங்கில் கேட்டது அதில் இல்லை. நாலு தடவை எடுத்தும் இல்லை. யோசித்தேன். கிடங்கில் அவளுக்கு அவள் குரலே கேட்டிருக்காது, அத்தனை இரைச்சல். இங்கே ஹெட்போனில் ஒவ்வொரு மூச்சும் துல்லியமாகக் கேட்கிறது. கேட்கக் கேட்க ஜாக்கிரதை வருகிறது. நாளைக் காலை ஷிப்ட் ஞாபகம் வருகிறது. தன் குரல் தன் காதில் விழுகிற யாரும் முழுசாகக் கத்த மாட்டார்கள். நீங்கள் குளியலறையில் கத்திப் பாருங்கள், புரியும்.

மிக்ஸரில் பாடுகிறவரின் ஹெட்போனுக்கென்று சில குமிழ்கள் உண்டு. டிரம்ஸ் எவ்வளவு, கிதார் எவ்வளவு, அவர்கள் குரல் அவர்களுக்கு எவ்வளவு கேட்க வேண்டும் என்று திருகி வைக்கலாம். குமிழ்களுக்குக் கீழே நீளமாகக் காகித ஒட்டுநாடா ஒட்டி, எது எதற்கு என்று எழுதி வைப்பது எங்கள் தொழில் வழக்கம். ஏழாவது குமிழுக்குக் கீழே 'குட்டி காது' என்று எழுதியிருந்தேன். முதல் நாள் அது பத்தில் இருந்தது. பென்சிலால் ஒரு கோடு போட்டுத் தேதி எழுதினேன். மறுநாள் ஒன்பதில் வைத்து இன்னொரு கோடு.

அடடா, அந்த இரண்டாம் நாளை எப்படிச் சொல்வேன். ஒரே ஒரு பாகைதான் குறைத்தேன், அவள் ஒரு படி ஏறிவிட்டாள். அவளுக்கே தெரியாது. தனக்குக் கொஞ்சம் கம்மியாகக் கேட்டால் மனுஷத் தொண்டை தானாகவே கொஞ்சம் அதிகம் கொடுக்கும், யாரும் சொல்லித்தர வேண்டாம். சோபாவிலிருந்து மூன்று பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள். தடியன் என் மண்டையில் தாளம் போட்டான். மூன்றாம் நாள் எட்டு. நாலாம் நாள் ஏழு. தொப்பையைச் சுமக்கும் என் கால்கள் தரையில் நிற்கவில்லை. வீட்டுக்கு நடந்து போகும்போது ரோட்டில் தனியாகச் சிரித்துக்கொண்டு போவேன். பால் பூத்காரர், "என்ன சார், வீட்டுல விசேஷமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

நாலாம் நாளே குட்டி கேட்டாள். "மாமா, என் குரல் எனக்குச் சரியா கேக்கல."

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒரு பட்டன் உண்டு, அதை அமுக்கினால்தான் நான் பேசுவது அவள் காதுக்குப் போகும். அமுக்கினேன். "இங்க சூப்பரா கேக்குது குட்டி. நீ பாடு."

ஒரு காது ஹெட்போனை நகர்த்தி வைத்துக்கொண்டு பாடிப் பார்த்தாள். நிறையப் பாடகர்கள் அப்படிச் செய்வார்கள், வெளியிலிருந்து தன் குரல் கேட்கும். ஹெட்போனிலிருந்து டிரம்ஸ் சத்தம் மைக்குள்ளே கசிகிறது, இரண்டு காதையும் மூடு என்று சொன்னேன். மூடிக்கொண்டாள். சின்ன வயதிலிருந்தே அவள் சொல்பேச்சுக் கேட்கிற பிள்ளை.

ஆறாம் நாள் சோர்ந்து வந்தாள். "மாமா, காலையில ஆறாம் நம்பர் பிளாட்பாரம்னு சொல்ல வாயத் தொறந்தா காத்துதான் வருது. ஸ்டேஷன் மாஸ்டர் சிரிக்கிறாரு, ரயிலுக்கே ஜலதோஷமான்னு கேக்குறாரு. எனக்குப் பயமா இருக்கு."

"எதுக்குப் பயம்? நாளைக்குக் காலையிலயே டாக்டர்கிட்ட காட்டிடுவோம்" என்றேன். காட்டவும் செய்தேன். எனக்குத் தெரிந்த ஒரு தொண்டை டாக்டரம்மா இருந்தார். உள்ளே குழாய் விட்டுப் படம் எடுத்தார்கள். ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று குட்டி ஓடிவிட்டாள். முடிவை என்னிடம்தான் சொன்னார்.

"குரல் நாண்ல ஒரு சின்ன ரத்தக்குழாய் வீங்கியிருக்கு. ரெண்டு வாரம் பேச்சே கூடாது. கத்துறத நினைச்சுக்கூடப் பாக்காதீங்க. வெடிச்சு தழும்பாயிட்டா அப்புறம் பழைய குரல் வராது. லெட்டர் எழுதித் தரேன், ஆபீஸ்ல காட்டி லீவு எடுக்கச் சொல்லுங்க" என்றார். கடிதத்தை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். நல்ல மனுஷி. கையெழுத்துகூடப் புரிகிற மாதிரி எழுதியிருந்தார்.

இரண்டு மணிக்குக் குட்டி வந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்லயாம். அசதிதானாம். வெந்நீர் நிறையக் குடிக்கச் சொன்னாங்க" என்றேன்.

அவள் முகத்தில் வந்த சிரிப்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். "நான் பயந்தே போயிட்டேன் மாமா." அன்றைக்கு ஆட்டம் பாட்டம்தான். தடியன் வெந்நீர் கெட்டிலைத் தலையில் வைத்துக்கொண்டு அறையைச் சுற்றி வந்தான். எனக்கும் மனசு லேசாகிவிட்டது. ஒருவரைச் சந்தோஷப்படுத்துவது எவ்வளவு சுலபம் என்று நினைத்தேன். மைக் ஸ்டாண்டின் ஒரு கால் மூன்று நாளாகவே ஆடிக்கொண்டிருந்தது. கடிதத்தை நாலாக மடித்து அந்தக் காலுக்கு அடியில் வைத்தேன். ஆட்டம் நின்றுவிட்டது. குமிழை நாலில் வைத்துக் கோடு போட்டேன்.

ஏன் நிறுத்தவில்லை என்று பத்து வருடம் கழித்துத் தடியன் கேட்டான். நீங்களும் கேட்பீர்கள். இரண்டு வாரம் கழித்து எடுத்திருக்கலாமே என்பீர்கள். எடுத்திருக்கலாம். ஆனால் இரண்டு வாரம் வாயை மூடி உட்கார்ந்த பிள்ளை திரும்பி வரும்போது ஜாக்கிரதையாக அல்லவா வரும்? நான் அத்தனை பாடுபட்டு ஒவ்வொரு கோடாக இறக்கிவைத்த ஜாக்கிரதை. அது ஏறிவிட்டால் மறுபடி பத்திலிருந்து தொடங்க வேண்டும். யோசித்துத்தான் முடிவெடுத்தேன். கோபத்திலோ அவசரத்திலோ எடுத்த முடிவு இல்லை அது.

பதினோராம் நாள். கடைசிப் பாட்டு. குழுவின் பெயரேதான் பாட்டின் பெயரும். மூன்று நிமிஷம் அந்த அறிவிப்பு வரியை மெதுவாக, மெதுவாகப் பாட வேண்டும், கடைசியில் அதே வரியை ஒரே மூச்சில் அலற வேண்டும். குமிழைப் பூஜ்யத்தில் வைத்தேன். கோடு போட்டேன். தேதி எழுதினேன். டிரம்ஸைக் கொஞ்சம் ஏற்றினேன்.

"மாமா, எனக்கு நானே இல்லாத மாதிரி இருக்கு" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

பட்டனை அமுக்கி, "இங்க இருக்க குட்டி. பாடு" என்றேன்.

மூன்றாம் நிமிஷம் நாற்பதாம் விநாடி. உங்களிடம் ஆல்பம் இருக்கிறது, போட்டுக் கேளுங்கள். 'வருந்து' வரை அலறல் ஏறிக்கொண்டே போகும். 'கிறோம்' என்னும் இடத்தில் குரல் இரண்டாகப் பிரியும். மேலே ஒன்று, கீழே ஒன்று. நடுவில் துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம். அப்புறம் வெறும் காற்று. நாலு விநாடி காற்று. எந்தப் பாடகராலும் திரும்பச் செய்ய முடியாது, எந்த மெஷினாலும் செய்ய முடியாது. அறையில் நாங்கள் நாலு பேரும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு குதித்தோம். சோபாவின் கால் உடைந்தது. நான் கத்திய கத்தலில் எனக்கே தொண்டை கட்டிவிட்டது. குட்டி கதவைத் திறந்து வந்து வாயைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். கையைத் தொண்டையில் வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்துச் சிரித்தாள். மைக் முன்னால் இருந்த துணித்திரையில் ஒரு சிவப்புப் புள்ளி. பொட்டு அளவுதான் இருக்கும். முதலில் பதிவைச் சேமித்தேன், அப்புறம்தான் ஆட்டோ பிடித்தேன். பழைய டாக்டரம்மாவிடம் போகவில்லை. வேறு ஆஸ்பத்திரி கிட்டத்தில் இருந்தது.

ஆல்பம் என்ன ஆயிற்று என்று உங்களுக்கே தெரியும். அந்த நாலு விநாடிக் காற்றைக் கேட்டு அழுததாக முன்பின் தெரியாதவர்கள் கடிதம் எழுதினார்கள். சோப்பு விளம்பரத்துக்கு யாரும் அப்படி எழுதியதில்லை. குட்டிக்கு இரண்டு ஆபரேஷன் நடந்தது. முதலில் கொஞ்சம் கிசுகிசுப்பு வந்தது, பக்கத்தில் காதை வைத்தால் கேட்கும். பிறகு அதையும் விட்டுவிட்டாள். குழு கலைந்தது. ரயில்வேயில் நல்லவர்கள் இருக்கிறார்கள், வேலையை விட்டு அனுப்பவில்லை. பயணிகள் தவறவிட்டுப் போகும் சாமான்களை எடுத்து வைக்கும் அறையில் போட்டார்கள். குடை, டிபன் பாக்ஸ், ஒற்றைச் செருப்பு. பேச வேண்டிய அவசியமில்லை. சின்னச் சீட்டில் எழுதிக் காட்டினால் போதும்.

அக்கா மட்டும் மகளைத் திட்டித் தீர்த்தாள். "டாக்டர் வெந்நீர் குடின்னு சொன்னாங்கல்ல? குடிச்சியாடி? ஒழுங்கா குடிச்சியா?" குட்டி ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து ஒரு சீட்டில் எழுதி என்னிடம் நீட்டினாள். 'சில நாள் மறந்துட்டேன் மாமா. என் தப்புதான்.'

நான் அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன். "விடு, எல்லாருக்கும் நடக்கிறதுதான்" என்றேன். பெரிய மனசோடுதான் சொன்னேன். சும்மா இருந்துவிடவும் இல்லை. முதல் நாள் மைக் சோதனையில் அவள் சொன்ன வரி என்னிடம் பத்திரமாக இருந்ததே, அதைச் சுத்தம் செய்து ரயில் நிலையத்துக்கு இலவசமாகக் கொடுத்தேன். இப்போது மற்ற அறிவிப்புகளுக்கு வேறு பெண். வண்டி லேட்டானால் மட்டும் குட்டியின் குரல். அவள் குரல் போய்விட்டது என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்புதான் வரும். எங்கே போயிற்று? தினமும் ஆயிரம் பேர் கேட்கிறார்கள்.

அந்த ஒட்டுநாடாவையும் தூக்கிப் போடவில்லை. பிரித்தெடுத்துக் கண்ணாடிச் சட்டம் போட்டு ஸ்டுடியோ சுவரில் மாட்டினேன். வருகிறவர்கள் அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். ஒருவர்கூடப் படிக்கவில்லை. பத்து வருடம் கழித்து, இந்தப் பதிப்புக்காகத் தடியன் அதைக் கீழே இறக்கித் துடைத்தான். துடைத்த கை அப்படியே நின்றது.

"சார், இது என்ன கோடு?"

"எந்தக் கோடு?"

"'குட்டி காது'ன்னு போட்டிருக்கு. பத்து, ஒன்பது, எட்டு... தேதி போட்டிருக்கு. கடைசி நாள் பூஜ்யம்." அவனும் இப்போது சொந்தமாக ஸ்டுடியோ வைத்திருக்கிறான், அவனுக்கு விளக்க வேண்டியதில்லை. சட்டத்தை மேஜைமேல் வைத்தான். "அவ கேக்கலன்னு சொன்னப்போ நானும்தானே சார் சோபாவுல உக்காந்து சிரிச்சேன்" என்றான். அழுதான். அழாதே என்றேன். டாக்டர் கடிதத்தையும் அவனிடம் மறைக்கவில்லை. இன்னும் அந்த மைக் ஸ்டாண்டுக்கு அடியில்தான் இருந்தது, எடுத்தால் ஆடும் என்பதால் எடுக்கவில்லை. குனிந்து எடுத்துக் காட்டினேன். எதிலும் நான் ஒளிவு மறைவு வைத்துக்கொண்டவன் இல்லை, யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

"இதக் கொண்டுபோய் அவ கையில குடுங்க. நீங்களே குடுங்க" என்றான்.

போன செவ்வாய்க்கிழமை போனேன். ரயில் நிலையத்தில் நல்ல கூட்டம். குட்டி கவுண்டருக்குப் பின்னால் ஒரு பச்சைக் குடைக்குச் சீட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு, ஸ்டூலை இழுத்துப் போட்டாள். நான் உட்காரவில்லை. கடிதத்தைக் கவுண்டர்மேல் வைத்து, எல்லாவற்றையும் சொன்னேன். குமிழை. கோடுகளை. டாக்டரம்மா போட்ட தேதியை அவளே பார்த்துக்கொள்ளலாம் என்றேன். வெந்நீர் நான் சொன்னது என்றேன்.

நாலாக மடித்த காகிதம், பத்து வருடம் இரும்பு அழுத்தியதில் மடிப்புகள் ஒட்டிக்கொண்டிருந்தன. நகத்தால் மெதுவாகப் பிரித்தாள். படித்தாள். மறுபடி முதலிலிருந்து படித்தாள். அவள் எழுதிக் காட்டும் சீட்டுகளும் பென்சிலும் பக்கத்திலேயே இருந்தன. பென்சிலை எடுத்தாள். சீட்டின்மேல் வைத்தாள். கை நகரவில்லை. பிறகு வாயைத் திறந்தாள், அவளால் முடியாதென்று அவளுக்கே மறந்துபோன மாதிரி. காற்றுதான் வந்தது. எனக்குத் தெரிந்த அதே காற்று.

அப்போது தலைக்கு மேலே ஒலிபெருக்கி கரகரத்தது. ஏதோ ஒரு வண்டி நாற்பது நிமிஷம் லேட்டு என்று அந்த வேறு பெண் சொன்னாள். அதைத் தொடர்ந்து குட்டியின் குரல், இருபத்துமூன்று வயதுக் குரல், ஒரு கீறல் இல்லாமல், வெண்ணெய் மாதிரி: "தாமதத்திற்கு வருந்துகிறோம்."

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கவுண்டரில் இருந்த அவள் கையைத் தட்டிக்கொடுத்தேன்.

"பரவாயில்ல குட்டி" என்றேன். "நான் ஒண்ணும் மனசுல வெச்சுக்கல."